நாய்க்கும் ஒரு தொழில் இருந்தது



உரம், விதை, பயிர்ப் பாதுகாப்பு என்று பேச வேண்டிய ஆள் இன்று நாயைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று யோசிக்கிறீர்களா? களத்தில் தானியத்தைக் குவித்துவிட்டு நாம் கண்ணயர்வது யாரை நம்பி? கிடையில் ஆடுகள் படுத்திருக்க, நரி வராமல் விடியவிடிய சுற்றி வருவது யார்? மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் மணிக்கணக்கில் பேசுகிறோம். கூலி கேட்காத இந்தக் காவல்காரனைப் பற்றிப் பதினைந்து நிமிஷம் பேசினால் தவறில்லை.

சில மாதங்களுக்கு முன்பு சாத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் பருத்திச் சாகுபடிக் கூட்டம் முடிந்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அங்கே ஒரு மாமனுக்கும் மாப்பிள்ளைக்கும் வழக்கு. மாமா வீட்டில் சிப்பிப்பாறை. மாப்பிள்ளை அப்போதுதான் ஒரு ராஜபாளையம் குட்டி வாங்கியிருந்தார்.

"சிப்பிப்பாறைன்னா காத்து மாதிரி ஓடும், மாப்ளே. உன் நாய் வாசல்ல கெடந்து உறுமத்தான் லாயக்கு."

"போங்க மாமா, உங்க நாய்ல எலும்பைத் தவிர என்ன இருக்கு? இது வாசல்ல சும்மா படுத்திருந்தாலே வீட்டுக்கு ஒரு லட்சணம். பாலு மாதிரி வெள்ளை, பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் மாப்பிள்ளை என் பக்கம் திரும்பி, கொஞ்சம் தயங்கிச் சொன்னார்: "ஒண்ணே ஒண்ணுதான் சார். கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குது. திமிர் பிடிச்ச குட்டி. ரெண்டு தடவை அடிச்சும் பாத்துட்டேன். இப்படியே இருந்தா சந்தைப்பேட்டைப் பக்கம் கொண்டு போய் விட்டுட்டு வந்துற வேண்டியதுதான்."

குட்டி அப்போது தட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது. நான் அதன் பின்பக்கமாகப் போய், அது பார்க்காதபடி நின்று, ஒரு தகர டப்பாவைக் குச்சியால் ஓங்கித் தட்டினேன். நாலு முழம் தள்ளிக் கட்டியிருந்த கன்றுக்குட்டி துள்ளிக் குதித்தது. நாய்க்குட்டி தலையைக்கூடத் தூக்கவில்லை.

"தம்பி, இதுக்குத் திமிர் இல்லை. காது கேட்கலை" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "வாங்கும்போது வெள்ளையா இருக்கான்னு மட்டுந்தான் சார் பாத்தேன்" என்றார்.

பெருமக்களே, அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு பெரிய சரித்திரமே அடங்கியிருக்கிறது. வேலையைப் பார்த்து நாய் வளர்த்த நாம், நிறத்தைப் பார்த்து வாங்கும் நிலைக்கு எப்படி வந்து சேர்ந்தோம்? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

கல்லில் பெயர் பெற்ற நாய்

நாய் என்றால் நமக்கு ஏச்சுச் சொல். ஆனால் நம் முன்னோர் அப்படி நினைத்திருந்தால் ஞமலி, ஞாளி என்று பழைய தமிழில் அதற்குப் பல பெயர் வைத்திருப்பார்களா? குறிஞ்சி நில வேட்டுவர் நாய் இல்லாமல் காட்டுக்குள் அடியெடுத்து வைத்ததில்லை.

இதைவிடப் பெரிய சாட்சி ஒன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. செங்கம் வட்டாரத்தில் கிடைத்த நடுகற்களைத் தொல்லியல் துறையினர் தொகுத்து 1972-ல் நூலாக வெளியிட்டார்கள். அந்த வட்டாரத்து எடுத்தனூர் நடுகல் ஒன்று, பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது ஏழாம் நூற்றாண்டு. எருமை மந்தைக்காக நடந்த சண்டையில் கருந்தேவக்கத்தி என்ற வீரன் மாண்டு போகிறான். அவனுக்குக் கல் நட்டார்கள். அதோடு நிறுத்தினார்களா? இல்லை. அவனுடைய நாயின் உருவத்தையும் அதே கல்லில் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் எழுதி வைத்தார்கள்.

ஆயிரத்து நானூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த ஊரில் அன்று வாழ்ந்த எத்தனையோ மனிதர்களின் பெயர் மறைந்து போயிற்று. ஒரு நாயின் பெயர் நிற்கிறது. அதன் நிறம் என்ன என்று கல்லில் இல்லை, உயரம் என்ன என்றும் இல்லை. அது செய்த வேலை மட்டும்தான் இருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மண்ணுக்கு ஏற்ற நாய்

பிற்காலத்தில் நாயக்கர் ஆட்சியும் அதன்கீழ் பாளையங்களும் ஏற்பட்டன. பாளையக்காரர்களுக்கு வேட்டையும் காவலும் இரண்டு கண்கள் மாதிரி. பாஞ்சாலங்குறிச்சிக்கு ஒரு கதை சொல்வார்கள். வேட்டை நாய்களுக்கு முன்னால் ஓடிய முயல் ஓர் இடம் வந்ததும் திரும்பி நின்று நாய்களையே விரட்டியதாம். இது வீரம் விளையும் மண் என்று அங்கே கோட்டை கட்டினார்களாம். இதே மாதிரிக் கதை விஜயநகரத்துக்கும் உண்டு. நடந்ததோ இல்லையோ, வேட்டை நாயை ஒரு மண்ணின் வீரத்துக்கு அளவுகோலாக வைத்துப் பேசிய காலம் அது என்பது மட்டும் தெளிவாகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய வேட்டைக்காரர்களும் 'பாளையக்கார நாய்' என்றே நம் தென்னாட்டு நாயைக் குறித்து எழுதினார்கள்.

நம்முடைய நாய் இனங்களை அவை பிறந்த மண்ணோடு சேர்த்துப் பார்த்தால்தான் அவற்றின் குணம் விளங்கும்.

சிப்பிப்பாறை, விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் பூமி. பருத்தியும் கம்பும் எடுத்த பிறகு கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி. அங்கே முயல் பிடிக்க வேண்டுமானால் மோப்பத்தைவிடப் பார்வையும் ஓட்டமும்தான் முக்கியம். ஆகவே அந்த நாய்க்கு நீண்ட முகம், ஆழ்ந்த நெஞ்சு, ஒட்டிய வயிறு, நெடுங்கால். உரோமமோ மிகக் குட்டை, வெயில் தாங்கும். வீணாகக் குரைக்காது. கன்னி என்பதும் அதே வார்ப்புதான். கறுப்பு உடம்பில் பழுப்புக் காலும் முகமும் உள்ளதைக் கன்னி என்றும், வெளிர் நிறத்தைப் பால் கன்னி என்றும் சொல்வார்கள். பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது சீரோடு இந்த நாயையும் கொடுத்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். புதியவர்களிடம் கூச்சம், வீட்டாரிடம் அளவு கடந்த பாசம், இதுதான் கன்னியின் குணம்.

ராஜபாளையம் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். மலையிலிருந்து பன்றி இறங்கும் பூமி. அங்கே வெறும் ஓட்டம் போதாது, உடல் பலமும் வேண்டும். அதனால்தான் ராஜபாளையம் நாய் 65 முதல் 75 சென்டிமீட்டர் வரை உயர்ந்து, எலும்பு கனத்து நிற்கிறது. ஒருவரைத்தான் எஜமான் என்று ஏற்கும். அந்நியர் கை வைத்தால் பொறுக்காது.

கோம்பை தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்து ஊர். அதுவும் மலை ஓரம். நாய் செம்பழுப்பு, வாய் கறுப்பு. ராஜபாளையத்தைவிட உயரம் குறைவு, உடம்பு கட்டு. பிடித்த பிடி விடாது. முரட்டுக் காவலுக்குப் பேர் போனது.

வேப்பமரத்தடியில் நடந்த வழக்குக்கு இதுதான் தீர்ப்பு. எந்த நாய் உசத்தி என்று கேட்பது, கரிசலுக்கு நெல் உசத்தியா பருத்தி உசத்தியா என்று கேட்பது மாதிரி. மண்ணையும் வேலையையும் சொல்லுங்கள், பிறகு நாயைச் சொல்லலாம்.

வேலை போன கதை

பிறகு என்ன நடந்தது? 1948-ல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. அது விவசாயிக்கு விடுதலை. அதில் நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஜமீன் அரண்மனையில் ஆள் வைத்துத் தீனி போட்டு, எந்தக் கடுவனுக்கு எந்தப் பெட்டை என்று தலைமுறை தலைமுறையாகக் கவனித்து வந்த ஏற்பாடும் அதோடு போயிற்று. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991-ல் செய்த திருத்தத்தோடு உரிமம் பெற்று வேட்டையாடும் வழக்கமும் முடிந்தது. இதுவும் தேவையான சட்டம்தான். முயலும் மானும் மிஞ்சியிருக்க வேண்டுமல்லவா? இன்றைக்கும் 'சும்மா பழக்கத்துக்கு' என்று நாயை முயல் மேல் ஏவி விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது குற்றம், செய்யாதீர்கள்.

ஆக, இரண்டு நல்ல சட்டங்களுக்கு நடுவில் இந்த நாய்களின் வேலை போய்விட்டது. நம் வீடுகளிலும் உசத்தி என்றால் அல்சேஷனும் பொமரேனியனும் என்று ஆயிற்று. அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 1980-களின் தொடக்கத்தில் நமது கால்நடைத் துறை சைதாப்பேட்டையில் நாய் வளர்ப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கி, ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பைக் குட்டிகளை மக்களுக்கு விற்றது. 2005 ஜனவரியில் இந்தியத் தபால் துறை நான்கு நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அவற்றில் ராஜபாளையமும் ஒன்று. கர்நாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள நிறுவனம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் கர்நாடகத்து முதோல் நாயையும் தனி இனங்களாகப் பதிவு செய்தது. 2020 ஆகஸ்டில் பிரதமரே தம் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசினார்.

பெயர் பரவியது. குட்டிகளுக்குக் கிராக்கியும் ஏறியது. அங்கேதான் ஆபத்தும் வந்து உட்கார்ந்தது.

வெள்ளையும் செவியும்

வேலை பார்க்கிற நாயில் குருடு, செவிடு, சோம்பல் எல்லாம் தானாகவே கழிந்துவிடும். ஓடத் தெரியாத நாயை எந்த வேட்டைக்காரன் இனப்பெருக்கத்துக்கு விடுவான்? வேலை இல்லாதபோது எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? கண்ணுக்குத் தெரிவதைத்தான். ராஜபாளையம் என்றால் சுத்த வெள்ளை, மூக்கு ரோஜா நிறம். புள்ளி விழுந்த குட்டியைக் கழித்தார்கள். வெள்ளைக்கு வெள்ளை சேர்த்தார்கள். நாய்கள் குறைவாக இருந்ததால் அண்ணன் தங்கை, தாய் மகன் என்று நெருங்கிய இரத்தத்திலேயே சேர்த்தார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தோலுக்கும் உரோமத்துக்கும் நிறம் கொடுக்கும் உயிரணுக்கள் காதின் உள்ளேயும் இருக்கின்றன. ஒலியை உணரும் நுண்ணிய மயிரணுக்கள் உயிரோடு இருக்க அவை துணை செய்கின்றன. வெள்ளை வெள்ளை என்று தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால், அந்த நிற அணுக்கள் உள்காதுக்குப் போய்ச் சேராத குட்டிகள் பிறக்கும். பிறந்த சில வாரங்களுக்குள் உள்காதின் மயிரணுக்கள் பட்டுப் போகும். பிறகு எந்த மருந்தாலும் திரும்பாது. டால்மேஷன் போன்ற வெளிநாட்டு வெள்ளை நாய்களிலும் இதே குறை உண்டு. எல்லா வெள்ளை நாயும் செவிடு என்று நான் சொல்லவில்லை. வெள்ளையை மட்டுமே பார்த்துத் தேர்ந்தெடுத்தால் செவிடு பெருகும் என்றுதான் சொல்கிறேன்.

ஆகவே குட்டி வாங்கப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். குட்டியின் பின்னால் நின்று, அது பார்க்காதபடி ஒலி எழுப்புங்கள். தரையை உதைக்கக் கூடாது, அதிர்ச்சியை வைத்துத் தெரிந்துகொள்ளும். கூடப் பிறந்த குட்டிகளோடு சேர்த்துச் சோதித்தாலும் ஏமாற்றம் வரும், மற்றது திரும்பினால் இதுவும் திரும்பும். தனியாக, இரண்டு மூன்று தடவை பாருங்கள். ஒரு காது மட்டும் கேளாத குட்டியை இந்தச் சோதனையில் கண்டுபிடிப்பது சிரமம். ஆகவே தாயையும் தகப்பனையும் பார்க்காமல் வாங்காதீர்கள். இரண்டுக்கும் என்ன உறவு என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நம் பிள்ளைக்குப் பெண் பார்க்கும்போது எத்தனை கேள்வி கேட்கிறோம்?

குன்னூர் தந்த பாடம்

நாயோடு சேர்த்து நாம் மறக்கக் கூடாத இன்னொரு சரித்திரம் உண்டு. அதுதான் வெறிநோய். 1885-ல் பிரான்சு நாட்டில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஒரு சிறுவனுக்கு முதன்முதலாகத் தடுப்பூசி போட்டுப் பிழைக்க வைத்தார். இந்தியாவில் 1900-ல் இமயமலைப் பக்கம் கசௌலியில் அந்த ஊசிக்கு நிலையம் வந்தது. தென்னாட்டில் கடிபட்டவர் அவ்வளவு தூரம் போய்ச் சேருவதற்குள் காலம் கடந்துவிடும். 1902-ல் ஓர் ஆங்கிலப் பெண்மணி இங்கே இந்த நோயால் இறந்த பிறகு முயற்சி சூடு பிடித்து, 1907-ல் நீலகிரிக் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறந்தார்கள்.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் பெரியவர்கள் பயந்தார்களே, அது 1911-ல் கசௌலியில் டேவிட் செம்பிள் என்பவர் கண்ட முறையில் வந்த மருந்து. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்தது. 2004-ஓடு அதை நம் நாட்டில் நிறுத்திவிட்டார்கள். இப்போது கையில் போடும் ஊசிதான். கடிபட்ட அன்றே முதல் ஊசி, பிறகு 3, 7, 28-ஆம் நாள்களில். அரசு ஆஸ்பத்திரியில் பணம் கிடையாது. பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் ஊசிக்கு முன்னால் ஒன்று இருக்கிறது. கடிவாயைச் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். கிணற்று மோட்டார் ஓடினால் அதில் காட்டுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, மஞ்சள் எதையும் அப்பாதீர்கள். மந்திரிக்கப் போய் நாளைக் கடத்தாதீர்கள். கடி ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றி எதிர்ப்புச் சீரமும் போட வேண்டியிருக்கும், டாக்டர் சொல்வார். இந்த நோய் வெளியே தெரிந்துவிட்டால் பிறகு பிழைப்பது அநேகமாக இல்லை. 'நம்ம வளர்த்த குட்டிதானே, பல் லேசாத்தானே பட்டுச்சு' என்று இருந்துவிடக் கூடாது.

அன்றாடக் கவனிப்பு

மற்றபடி நம் நாட்டு நாய்க்கு ராஜவைத்தியம் தேவையில்லை. குடற்புழு மருந்தைக் குட்டிப் பருவத்திலேயே தொடங்கிவிடுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கு முதல் தடுப்பூசி. பார்வோ என்பது 1978 வாக்கில் உலகத்துக்கே புதிதாக வந்த நோய். இரத்தக் கழிச்சல் எடுத்து இரண்டு மூன்று நாளில் குட்டியைக் கொன்றுவிடும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு வருஷா வருஷம். கால்நடை மருந்தகத்தில் ஓர் அட்டை வாங்கித் தேதியைக் குறித்து வையுங்கள்.

கம்பங்கஞ்சி, கேப்பைக் களி, மோர்ச்சோறு எல்லாம் கொடுக்கலாம். ஆனால் அது மட்டும் போதாது. வளரும் குட்டிக்கு முட்டையோ, இறைச்சியோ, மீனோ வேண்டும். சமைத்த கோழி எலும்பு வேண்டாம், குடலைக் கிழிக்கும். சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் விலா எலும்பு இலேசாகத் தெரிவதுதான் அழகு. இளைத்திருக்கிறது என்று சோற்றை அடைத்துக் கொழுக்க வைக்காதீர்கள். அதே சாக்கில் பட்டினி போடவும் கூடாது. முதுகெலும்பு துருத்தினால் அது ஜாதி அழகு அல்ல, பசி.

உரோமம் குட்டையாதலால் அடிக்கடி குளிப்பாட்ட வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி பாருங்கள். பயிருக்கு அடிக்கும் மருந்தை நாய் மேல் தெளிப்பவர்களை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். நாய் நக்கிச் செத்துப் போகும். இவை ஓடப் பிறந்த நாய்கள். நாள் முழுவதும் குட்டைச் சங்கிலியில் கிடந்தால் ராஜபாளையமும் கோம்பையும் கடிநாய் ஆகிவிடும். காலை மாலை நடத்திக் கூட்டிப் போங்கள். வேலி அடைத்த தோட்டம் இருந்தால் அவிழ்த்து விடுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகளும் வந்து போகிற ஆட்களும் அதிகம் என்றால், கோம்பை வேண்டாம், கன்னியைப் பாருங்கள். தனித் தோட்டத்து வீடு என்றால் ராஜபாளையமோ கோம்பையோ தகும். இரண்டு அறை வீட்டில் இருப்பவர்கள் இவை எதையும் வாங்காமல் இருப்பதே அந்த நாய்க்குச் செய்யும் உபகாரம். தெருவில் பிறந்த குட்டி ஒன்றை எடுத்து ஊசி போட்டு வளர்த்தால் அதுவும் உங்கள் வாசலைக் காக்கும். கோவிவன் என்ன ஜாதி என்று யாருக்குத் தெரியும்?

சரி, அந்தச் செவிட்டுக் குட்டி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அன்றைக்கே மாப்பிள்ளையிடம் சொன்னேன்: "தம்பி, குத்தம் குட்டி மேல இல்லை. சந்தைப்பேட்டையில விட்டா லாரி ஹாரன் கேட்காம ஒரே நாள்ல அடிபட்டுச் செத்துப் போகும். கையைக் காட்டிப் பழக்குங்க. தூங்கும்போது தொட்டு எழுப்பாதீங்க, பயந்து கடிச்சிரும். தரையைத் தட்டுங்க, எந்திரிச்சிரும். ஆனா அதை வச்சுக் குட்டி மட்டும் எடுக்காதீங்க."

போன மாதம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். தோட்டத்து வாசலில் நாய் நின்றது. நல்ல உயரம். மாப்பிள்ளை உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினார், உட்கார்ந்தது. விரலைச் சுண்டிக் காட்டினார், வந்தது. பக்கத்தில் மாமாவும் நின்றிருந்தார். "காது கேக்காட்டி என்ன சார், எங்க சிப்பிப்பாறையைவிட இது சொன்ன பேச்சுக் கேக்குது" என்றார். இரவில் சத்தம் கேட்டுக் குரைப்பதற்கு மாமாவின் நாய், ஆள் அசைவு பார்த்து எழுவதற்கு இது என்று இரண்டையும் ஒரே தோட்டத்தில் விட்டிருக்கிறார்கள். வழக்கு முடிந்துவிட்டது.

விவசாயப் பெருமக்களே, விதை வாங்கும்போது முளைப்புத்திறன் பார்க்கிறோம். மாடு வாங்கும்போது பல்லைப் பார்க்கிறோம், மடியைப் பார்க்கிறோம். நாய் வாங்கும்போது மட்டும் நிறத்தைப் பார்த்து ஏமாறுவானேன்? வேலையைப் பாருங்கள், காதைப் பாருங்கள், பெற்றோரைப் பாருங்கள். தடுப்பூசி அட்டையை மறவாதீர்கள்.